விழிக்க மறுத்த கணிப்பொறி

என் தமையனார் சரித்திர ஆசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றி 1997ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் திண்ணையில் அமர்ந்து நாட்டு நடப்பைத் திருத்துவர். அவரோ மிதிவண்டியில் ஏறி ஊர் ஊராகப் புறப்பட்டார். காவிரிப் படுகையில் எங்கள் ஊரைச் சுற்றிலும் உள்ள வயல் ஒவ்வொன்றிற்கும் ஒரு பெயர் உண்டு. நெட்டைப்பனைப் பங்கு, கோரைக்குழி, அம்மாயி கொல்லை என்று உழுகின்ற மக்கள் வழங்கிவந்த பெயர்கள் அவை. அரசினர் ஏடுகளில் அவை இல்லை. அங்கே சர்வே எண்களே உண்டு. உழுதவர்கள் மறைந்தால் பெயர்களும் மறையும் என்பதை உணர்ந்து, அவர் முதியோரைத் தேடிச் சென்றார். எந்த எண்ணுள்ள நிலத்திற்கு எந்தப் பெயர், அப்பெயர் எதனால் வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். எட்டு ஆண்டுகள் இவ்வேலை நடந்தது. அவருக்கு விடை கூறிய முதியோருள் இன்று உயிரோடிருப்பவர் எவரும் இல்லை.

எழுதிய குறிப்புகளை எல்லாம் 1998ஆம் ஆண்டில் வாங்கிய ஒரு கணிப்பொறியில் தாமே தட்டெழுதி வைத்தார். குறிப்பேடுகளைப் பின்னாளில் கறையான் தின்றுவிட்டது. ஆக, அப்பெயர்கள் இருந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய மேசைக்கடியில் இருந்த வெளிறிய பெட்டி.

அவர் காலமான பிறகு, அவருடைய மகள் அப்பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். உள்ளிருந்து கடிகாரம் போல 'டிக், டிக்' என்று ஓர் ஓசை எழுந்தது. நெடுநேரம் கழித்தே திரையில் படம் தோன்றியது. அவள் அஞ்சி உடனே அணைத்துவிட்டு, "சித்தப்பா, நீங்கள் வந்து பாருங்கள்" என்று எனக்குத் தொலைபேசியில் கூறினாள். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன்; அதனால் மின்சாரத்தில் ஓடும் எதுவும் எனக்குப் பணியும் என்பது எங்கள் குடும்பத்தாரின் நம்பிக்கை.

அந்த 'டிக்' ஓசை எதைக் குறிக்கிறது என்பதை அறிய, ஹார்ட் டிஸ்க் என்று கடைத்தெருவில் வழங்கும் வன்தட்டின் கதையைச் சிறிது அறிய வேண்டும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 'ராமாக்' என்னும் கணிப்பொறியுடன் முதல் வன்தட்டை வெளியிட்டனர். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை ஓர் அச்சில் கோத்து, இடைவிடாமல் சுழலச் செய்தனர். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த இயந்திரத்தில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகள். சுழலும் தட்டின் மேற்பரப்பில் காந்தப் பூச்சு. அதைப் படிக்கவும் எழுதவும் ஒரு சிறு 'தலை'. அத்தலையை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு கை. இந்த அமைப்பு பின்னாளிலும் மாறவில்லை. அளவு மட்டும் சுருங்கியது. 1980ஆம் ஆண்டில் சீகேட் நிறுவனத்தார் 5 மெகாபைட் கொள்ளும் தட்டை ஒருவர் கையில் தூக்கிச் செல்லும் அளவில் செய்துவிட்டனர். என் தமையனாரின் பெட்டியில் இருந்தது 3.2 ஜிகாபைட் தட்டு. தலை தான் தேடும் இடத்தைப் படிக்க இயலாதபோது, கை பின்வாங்கி மீண்டும் முயல்கிறது. அந்தத் தவிப்பே 'டிக்' என்று கேட்கிறது.

இத்தகைய தட்டு எந்த நேரமும் அடியோடு நின்றுபோகலாம். எனவே முதல் வேலை, அதைப் புதிய தட்டொன்றில் முழுவதும் படியெடுப்பது. கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதவில்லை. அவர் பயன்படுத்திய தமிழ் எழுதும் மென்பொருள் தனக்கென ஒரு வகைக் குறியீட்டை வைத்திருந்தது. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் இரு குறியீடுகளை ஏற்றது. ஆயினும் அக்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பப்படியே தமிழை எழுதிற்று. அவருடைய கோப்பை என் புதிய கணிப்பொறியில் திறந்தால், ஐரோப்பிய எழுத்துகள் புள்ளியும் கோடும் பூண்டு வரிசையாக நிற்கும். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அந்த மென்பொருளைத் தந்த நெகிழ்தட்டுகளும் காணாமற் போயின. ஆகவே தட்டைப் படியெடுத்து, அதே பெட்டியில் பொருத்தி, அதே பெட்டியை எழுப்பியாக வேண்டும்.

நைந்த தட்டைப் படியெடுப்பதற்கென்றே ஒரு நல்ல மென்பொருள் உண்டு. அன்டோனியோ டயஸ் டயஸ் என்பவர் எழுதி 2004ஆம் ஆண்டு முதல் எல்லோருக்கும் இலவசமாக வழங்கிவரும் 'டிடிரெஸ்க்யூ' அது. அதன் போக்கு அறிவுடையது. சாதாரண முறையில் படியெடுத்தால், கெட்ட இடம் வந்ததும் அங்கேயே நின்று முட்டிக்கொண்டிருக்கும்; அந்த முட்டலிலேயே தட்டு உயிர்விடலாம். இதுவோ கெட்ட இடங்களைத் தாண்டிச் சென்று, நல்ல இடங்களை முதலில் கைப்பற்றுகிறது. பிறகு விடுபட்டவற்றிற்குத் திரும்பி, ஓரங்களைச் செதுக்கி, கடைசியில் ஒவ்வோர் அணுவாகச் சுரண்டுகிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு கணக்கில் எழுதியும் வைக்கிறது. செல்லரித்த ஏட்டைப் பெயர்த்தெழுதும் புலவரும் இவ்வாறுதான் செய்வார்: படிக்க முடிந்ததை முதலில் எழுதிவிட்டு, பொடிந்த ஓரத்தைப் பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

பழைய தட்டை என் கணிப்பொறியில் இணைத்து மூன்று இரவுகள் காத்திருந்தேன். பெரும்பகுதி முதல் நாளிலேயே வந்துவிட்டது. மற்ற இரண்டு இரவுகளும் ஒரு சில அறைகளுக்காகச் சென்றன. வன்தட்டு, 512 பைட் கொண்ட சிற்றறைகளாகப் பகுக்கப்பட்டது. அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட அறைகளில் 46 அறைகள் மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. நான் மகிழ்ந்தேன். மகிழ்ச்சி மறுநாள் வரை நீடித்தது.

படியெடுத்த புதிய தட்டு 40 ஜிகாபைட் கொள்ளுவது. அதைப் பழைய பெட்டியில் பொருத்திப் பொத்தானை அழுத்தினேன். திரையில் இரண்டு வரிகள் தோன்றின. பிறகு ஒன்றும் அசையவில்லை. தட்டைக் கண்டதுமே பெட்டி திகைத்து நின்றுவிட்டது. இதற்குக் காரணம் பிறகு தெரிந்தது. கணிப்பொறியின் தாய்ப்பலகையில் 'பயாஸ்' என்னும் நிலையான நிரல் ஒன்று உண்டு. 1999க்கு முன் எழுதப்பட்ட பயாஸ்கள் பலவற்றிற்கு, 33.8 ஜிகாபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. அவற்றை எழுதியவர்கள், அத்தனை பெரிய தட்டு தங்கள் பலகைக்கு வரும் என்று கருதவில்லை. சென்னையில் ரிச்சி தெருவிற்குச் சென்று, பழம்பொருள்களுக்கிடையே 20 ஜிகாபைட் தட்டொன்றைத் தேடிப் பிடித்தேன். மீண்டும் படியெடுத்தேன். இம்முறை பெட்டி தட்டை ஏற்றுக்கொண்டது. பிறகு திரையில் வந்த வாசகம்: 'இன்வேலிட் சிஸ்டம் டிஸ்க்'. இயக்குதற்குரிய அமைப்பு இத்தட்டில் இல்லையாம்!

அதே தட்டை என் புதிய கணிப்பொறியில் இணைத்தால், விண்டோஸ் 98 முழுவதும், தமையனாரின் கோப்புகளும், வைத்தது வைத்தபடி தெரிந்தன. "எல்லாம் இருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள், ஒன்றும் இல்லை என்று அது சொல்கிறதே, சித்தப்பா" என்றாள் தமையன் மகள். அவள் கேட்டது சரியான கேள்வி. பழுதுபார்க்கும் கடையில் ஓர் இளைஞர், தட்டை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுத் தருவதாகச் சொன்னார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அழித்துவிட்டால் எழுதும் மென்பொருளும் போய்விடும் என்று கூறி, நன்றி சொல்லித் திரும்பினேன்.

கணிப்பொறி எவ்வாறு விழிக்கிறது என்பதை இங்கே பார்க்க வேண்டும். நினைவகத்தில் நிரல் இருந்தால்தான் கணிப்பொறி எதையும் செய்யும். நிரலை நினைவகத்தில் ஏற்றுவதும் ஒரு செயலே. அதற்கும் ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை ஏற்றுவது யார்? விதையிலிருந்து மரமா, மரத்திலிருந்து விதையா என்பதைப் போன்ற இச்சிக்கலைத் தொடக்கக் காலத்திலேயே பொறியாளர் உணர்ந்தனர். தன் காலணியின் பட்டையைத் தானே பிடித்து இழுத்துத் தன்னை உயர்த்திக்கொள்வதாக ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கை வழக்கு உண்டு. அந்தப் பட்டைக்கு 'பூட்ஸ்டிராப்' என்று பெயர்; கணிப்பொறி விழிப்பதைப் 'பூட்' ஆவது என்று நாம் சொல்வது அதன் குறுக்கமே.

1952ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 701 கணிப்பொறியில் இதற்கென ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால், துளையிட்ட அட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ முதல் சொல் மட்டும் உள்ளே வரும். அச்சொல் அடுத்ததை அழைக்கும். 1975ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 'ஆல்டேர்' என்னும் சிறு கணிப்பொறியிலோ அப்பொத்தானும் இல்லை. முகப்பிலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளித் தொடக்க நிரலைக் கையாலேயே புகுத்த வேண்டும். அவ்வாண்டில் பால் ஆலன் என்ற இளைஞர், தாமும் தம் நண்பர் பில் கேட்ஸும் எழுதிய 'பேசிக்' மொழியைத் துளைநாடாவில் எடுத்துக்கொண்டு, அதை ஆல்டேரில் ஓட்டிக் காட்ட விமானத்தில் சென்றார். நாடாவைப் படிக்கச் செய்யும் தொடக்க நிரலை எழுத மறந்துவிட்டது, விமானம் இறங்கும் தறுவாயில்தான் அவருக்கு நினைவு வந்தது. இருக்கையிலேயே அமர்ந்து ஒரு தாளில் எழுதி முடித்தார். மறுநாள் அது பிழையின்றி ஓடிற்று. அத்தாளை எழுத மறந்திருந்தால், அவர் கொண்டுசென்ற நாடா வெறும் துளையிட்ட காகிதம்.

1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில், தொடக்க நிரல் பயாஸில் நிலையாகப் பதிக்கப்பட்டது. அதற்கு வன்தட்டு இல்லை. 1983ஆம் ஆண்டில் 10 மெகாபைட் வன்தட்டுடன் எக்ஸ்.டி. வந்தபோது ஒரு மரபு வகுக்கப்பட்டது. பயாஸ் தட்டின் முதல் அறையை மட்டும் படிக்கும். 512 பைட் கொண்ட அந்த அறையில் 446 பைட் நிரலுக்கு. 64 பைட், தட்டை நான்கு பிரிவுகள் வரை பகுக்கும் அட்டவணைக்கு. கடைசி இரண்டு பைட், 'இது விழிக்கத் தகுந்த தட்டு' என்பதற்கு முத்திரை. முதல் அறையிலுள்ள நிரல், பிரிவின் தொடக்க அறையை அழைக்கும். அங்குள்ள நிரல், இயக்குதளத்தின் முதற் கோப்பை அழைக்கும். கடைக்காவலன் தலைவாயிலைத் திறந்து, அவன் குரல் கேட்டு உள்வாயிற்காவலன் எழுந்து, அவன் சென்று வீட்டாரை எழுப்புவது போன்றது இது. விண்டோஸ் 98 வரை மட்டுமன்று, அதன் பின்னும் பல்லாண்டுகள் கோடிக்கணக்கான கணிப்பொறிகள் இவ்வாறே விழித்தன.

என் பெட்டியில் தலைவாயில் திறந்தது, உள்வாயிற்காவலனும் எழுந்துவிட்டான். ஏனெனில் 'இன்வேலிட் சிஸ்டம் டிஸ்க்' என்று முறையிட்டது அவனேதான். அவன் வீட்டாரைத் தேடிப் போய், வேறு யாருடைய கதவையோ தட்டியிருக்கிறான். ஏன்?

அதற்கு விடை, அறைகளுக்கு முகவரி எழுதும் முறையில் இருக்கிறது. தொடக்கத்தில் இம்முகவரி, தட்டின் உடலமைப்பை அப்படியே காட்டியது. கை எத்தனையாவது வளையத்தில் நிற்க வேண்டும், எத்தனையாவது தலை படிக்க வேண்டும், அவ்வளையத்தில் எத்தனையாவது அறை என்று மூன்று எண்கள். ஓர் ஊரில் தெரு, வீடு, அறை என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். பி.சி.யின் பயாஸில், தெருவிற்கு 1,024 வரையும், வீட்டிற்கு 256 வரையும், அறைக்கு 63 வரையும் இடம் ஒதுக்கினர். பின்னால் வந்த ஐ.டி.இ. வகைத் தட்டுகளோ தெருக்களை மிகுதியாகவும் வீடுகளை 16 ஆகவும் கொண்டன. இரண்டு கட்டுப்பாடுகளும் ஒருங்கே பொருந்தினால், 1,024 தெரு, தெருவிற்கு 16 வீடு, வீட்டிற்கு 63 அறை. பெருக்கிப் பாருங்கள்: 528 மெகாபைட்டுக்கு மேல் தட்டு இருந்தும் பயனில்லை. 1990களின் நடுவில் இது பெரிய தொல்லையாயிற்று.

அதைத் தீர்க்கப் பயாஸ் எழுதியவர்கள் ஒரு பொய் சொன்னார்கள். தட்டில் மெய்யாக எத்தனை தலை இருந்தாலும் சரி, இயக்குதளத்திடம் 32 தலை என்று சொல்வது, தட்டு இன்னும் பெரியதாயின் 64, அதற்கும் மேல் 128, இறுதியாக 255. (256 என்று சொன்னால் டாஸ் தடுமாறியது, ஆதலால் ஒன்றைக் குறைத்தனர்.) இராவணனுக்கே தலை பத்துத்தான். உள்ளங்கை அளவுள்ள தட்டிற்கு 128 தலை என்று பயாஸ் சாதித்தது, இயக்குதளமும் நம்பியது. இருவரும் ஒரே பொய்யை நம்பும் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

தமையனாரின் 3.2 ஜிகாபைட் தட்டிற்குப் பயாஸ் சொன்ன பொய் 128. விண்டோஸ் 98 பதிக்கப்பட்டபோது, அந்த எண்ணைப் பிரிவின் தொடக்க அறையில் எழுதி வைத்துக்கொண்டது. நான் அறை பிசகாமல் படியெடுத்தபோது, அந்த எண்ணும் உடன் வந்தது. புதிய தட்டோ 20 ஜிகாபைட். அதைக் கண்ட பயாஸ் 255 என்ற பொய்யைச் சொன்னது. தெருவிற்கு 128 வீடு என்று கணக்கிட்டு முகவரி எழுதுகிறான் ஒருவன். 255 வீடு என்று கணக்கிட்டு அம்முகவரியைத் தேடிப் போகிறான் மற்றொருவன். 12,000 என்ற வரிசை எண்ணுள்ள அறையைக் கேட்டால், 20,001 என்ற அறை கிடைக்கும். தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். நானும் அப்படித்தான் ஒரு மாலை முழுவதும் கணக்கிட்டேன். முதல் தெருவிலேயே உள்ள அறைகளுக்கு மட்டும் இரு கணக்கும் ஒன்றாகவே வரும். அதனால்தான் முதல் இரண்டு காவலர்களும் எழுந்தார்கள். புதிய கணிப்பொறிகள் தெரு, வீடு என்பவற்றைக் கைவிட்டு, வரிசை எண் ஒன்றையே முகவரியாகக் கொள்வன. ஆதலால் அங்கே குழப்பம் எழவில்லை.

படி தவறியிருக்கும் என்று நான் ஒரு வாரம் ஐயுற்றேன். முதல் அறையின் நிரலைப் புதிதாக எழுதிப் பார்த்தேன், பயனில்லை. உண்மையில் படியில் தவறே இல்லை. மூலத்தில் மெய்யாக இருந்த ஒன்று, புதிய தட்டில் பொய்யாகிவிட்டது, அவ்வளவே.

தட்டின் அறைகளை எண்களாகவே காட்டித் திருத்த உதவும் மென்பொருள் ஒன்றைத் திறந்தேன். பிரிவின் தொடக்க அறையில், தலைகளின் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 128 இருந்தது. 255 என்று மாற்றினேன். விண்டோஸ் அவ்வறைக்கு வைத்திருந்த மறுபடியிலும், பிரிவு அட்டவணையிலும் அதற்கிசையத் திருத்தினேன். தொடக்க அறையில் மாறியது ஒரே ஒரு பைட். தட்டைப் பெட்டியில் பொருத்தினேன். நீல வானமும் வெண்முகிலும் திரையில் எழுந்தன. தமையன் மகள் அருகில் நின்றாள். இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

2010களில் பரவிய கணிப்பொறிகள் யு.இ.எஃப்.ஐ. என்னும் வேறு முறையில் விழிக்கின்றன. தலைக் கணக்கு அங்கே இல்லை. ஆயினும் படியெடுத்த தட்டு அங்கும் சில வேளை விழிக்க மறுக்கும்: இயக்குதளத்தின் முகவரியைத் தாய்ப்பலகை தன் நினைவில் வேறாகக் குறித்துவைப்பதால், அதையும் மாற்றியமைக்க நேர்கிறது.

எழுதும் மென்பொருள் திறந்தது. அதிலிருந்து ஊர் ஊராகப் பெயர்களை அச்சிட்டுக் காகிதத்தில் எடுத்தோம். பிறகு அவற்றை அவள் யூனிகோடில் தட்டெழுதினாள். வாய் திறக்காத 46 அறைகளில் பெரும்பாலானவை எதுவும் எழுதப்படாத வெற்றிடத்தில் இருந்தன. மூன்று மட்டும் பெயர்ப் பட்டியலுக்குள் விழுந்திருந்தன. மூன்று அறைகள் என்றால் 1,536 பைட். ஓர் ஊரின் பட்டியலில், முன்னும் பின்னும் உள்ள சர்வே எண்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், 19 வயல்களின் பெயர்கள் அங்கே இல்லாமற் போனது தெரிந்தது.

அந்த ஊருக்கு இருவரும் சென்றோம். வாய்க்கால் கரையில் வரிசையாக உள்ள நிலங்கள் அவை. உழவர்களைக் கேட்டால், எண்ணைச் சொன்னார்கள். உரியவர் பெயரைச் சொன்னார்கள். கடைசியில், தமையனாருக்கு அக்காலத்தில் விடை கூறிய ஒருவரின் மருமகளாகிய மூதாட்டியைக் கண்டோம். அவர் கண்ணை மூடி நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். "வாய்க்கால் தலைப்பில் இருப்பது ஊமையன் பங்கு; அதற்குக் கிழக்கே நரிமுடுக்கு. நடவுக்குப் போகும்போது மாமனார் அப்படித்தான் சொல்வார்" என்றார். ஊமையன் யார் என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. மற்றப் பதினேழு வயல்களின் பெயர்களையும் எவரும் அறியவில்லை. தமையன் மகள் அவ்விடங்களில் சர்வே எண்ணை எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இட்டு வைத்திருக்கிறாள்.